கூஜாவின் அடியில் ஒரு குருவி

அந்தத் தெருவில் யாராவது போன இடத்திலிருந்து திரும்பி வரத் தாமதமானால், "வெங்காரம் வாங்கப் போயிட்டான்" என்பார்கள். பால் வாங்கப் போனவன் வழியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டு நின்றால் அவனுக்கும் அதுதான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வாரக்கணக்கில் வேலைக்கு வராத குமாஸ்தாவுக்கும் அதுதான். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு வெங்காரம் என்றால் என்னவென்றே தெரியாது. வெள்ளியைப் பற்றவைக்கும்போது ஒட்டு இளகி ஓடிப் பிடிப்பதற்காகத் தடவுகிற வெள்ளைப் பொடி அது. அதை வாங்கப் போனவர் யார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒடுக்கக்காவின் கடையைத் தாண்டும்போது அந்தச் சொல்லை விழுங்கிக்கொள்வார்கள். விழுங்குவதும் அக்காவுக்குத் தெரியும்.

ஒடுக்கக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஒடுக்கு விழுந்த வெள்ளிப் பாத்திரத்தை நிமிர்த்தித் தருகிறவள் என்பதால் தெரு வைத்த பெயர். வீட்டுவரிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கடை என்று சொன்னாலும் அது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் எந்தச் சாமானும் எட்டும். நிமிர்ந்து எழுந்தால் தலை இடிக்கும். ஒரு மேசை, அதன்மேல் சின்னப் பட்டடைக் கல், ஊதுகுழல், அரங்கள் சொருகிய தகர டப்பா, ஒரு கால் குட்டையான நாற்காலி, அந்தக் காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை. மேசைக்கு வலப்பக்கம் வாசல். வாசலுக்கு ஒரு ஷட்டர். அதைத் தூக்குவது தினமும் ஒரு சண்டை. எதிர் டீக்கடைக்காரர் வந்து ஓர் உதை கொடுத்தால்தான் பாதி வழியில் மாட்டிக்கொண்டது நகரும்.

"உங்க ஷட்டருக்கும் உங்களுக்கும் ஒரே வயசுக்கா. ரெண்டும் காலைல எழுந்திருக்க மாட்டேங்குது" என்பார் டீக்கடைக்காரர்.

அக்கா சிரிப்பாள். சிரிப்பதும் அவளுக்கு இப்போது ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. வலது தோள் ஒரு வருடமாகவே அவளுடையதாக இல்லை. காலையில் அதை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து, மத்தியானம்வரை கெஞ்சி வேலை வாங்கி, மாலையில் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்; கல்யாணமாகி, வண்டியில் அரைநாள் தூரத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் கடைசியில் அதே கேள்விதான். கடையை எப்போது மூடப்போகிறாய்? கட்டிடக்காரரும் கேட்கத்தான் செய்தார், மரியாதையாக, வாசலில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு. எல்லோருக்கும் அக்கா ஒரே பதில் வைத்திருந்தாள். பார்க்கலாம்.

அந்தப் "பார்க்கலாம்" எதைப் பார்க்க என்று மகளுக்குத் தெரியும். அதனால்தான் அவள் கோபத்தோடு போனை வைப்பாள்.

மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு சாதாரண முற்பகல். ஒரு டம்ளருக்கு அடி பற்றவைக்க அடுப்பு மூட்டி, கரி கனிந்து, எல்லாம் தயாரான பிறகு அக்காவின் வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்தார். வெங்காரம் தீர்ந்துவிட்டிருந்தது. "வாங்கிட்டு வந்துடறேன். அடுப்பை அணைச்சுடாதே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அக்கா சாயங்காலம்வரை கரி போட்டுக்கொண்டே இருந்தாள்.

முந்தின நாள் சண்டை போட்டிருந்தாலாவது பிடித்துக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். குடியோ, கடனோ, வேறு ஒரு பெண்ணோ, ஊர் எவ்வளவோ குடைந்து பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. பேச்சுக் குறைந்த மனிதர். எந்தப் பாத்திரம் வந்தாலும் முதலில் விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காதோரம் வைத்துக் கேட்பார். பாத்திரத்திடம் பேசியதில் கால்வாசி மனுஷர்களிடம் பேசியிருக்க மாட்டார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளி வேலை நடக்கிற ஊர்களாகப் பார்த்துப் போய் விசாரித்தாள். பஸ் நிலையங்களின் பெஞ்சுகளில் உட்கார்ந்தாள். பிறகு ஒருநாள் திரும்பி வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்து பார்த்ததுதான் அவள் படித்த படிப்பு. ஒடுக்கு எடுப்பது எல்லாவற்றிலும் சுலபம் என்பதால் அதில் ஆரம்பித்தாள். பிறகு பற்றவைக்கவும் கை வந்தது.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. செய்தவன் தன் முத்திரையைப் பாத்திரத்தின் வெளியே கழுத்தோரம் குத்துவான். பழுது பார்த்தவன் தன் முத்திரையை அடியில், வளையத்துக்கு உள்ளே குத்துவான். நாளைக்கு ஒட்டு விட்டுப்போனால் யாரைத் திட்டுவது என்று தெரியவேண்டுமல்லவா. வீட்டுக்காரரின் முத்திரை ஒரு குருவி. கடுகளவு உடம்பு, ஒரு மூக்கு, ஒரு வால், இறக்கைக்கு ஒரே ஒரு கீறல். கல்யாணமான புதிதில் கடை வைத்தபோது இரும்புத் துண்டு ஒன்றை அரத்தால் ராவி அவரே அச்சு வெட்டினார். குருவி வாசலைப் பார்க்கட்டும் என்று தாளில் வலப்பக்கம் பார்க்க வரைந்து, வரைந்ததை அப்படியே இரும்பிலும் வெட்டிவிட்டார். ஈயத் துண்டில் குத்திப் பார்த்தபோது குருவி இடப்பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அச்சில் உள்ளது குத்தினால் திரும்பும் என்பதை, பட்டறையில் பத்து வயதிலிருந்து வேலை பார்த்தவர் மறந்துபோயிருந்தார். அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி அக்கா அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மறுநாள் திருப்பிப்போட்டு வேறொன்று வெட்டினார். அந்தக் கோணல் குருவி எங்கே என்று அக்கா கேட்டபோது, தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னார்.

வெங்காரம் வாங்கப் போனபோது சரியான குருவியை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா பிடித்துக்கொண்டது அதைத்தான். எவ்வளவோ பேர் என்னென்னவோ சொன்னார்கள், அவள் ஒருவரிடமும் வாதாடவில்லை. தனக்குள் மட்டும் சொல்லிக்கொண்டாள்: முத்திரையை விட்டுவிட்டுப் போகிற வேலைக்காரன் உண்டா? தையல்காரன் கத்திரிக்கோலை வைத்துவிட்டா ஊரைவிட்டுப் போவான்? போனவர் வழியில் எங்கோ தடுக்கப்பட்டிருக்கிறார். வருவார். வருகிறவருக்கு வாசல் தெரியவேண்டும். அதனால் கடை அதே படிக்கட்டுக்குக் கீழே, அதே பெயர்ப்பலகையோடு, அதே மாட்டிக்கொள்கிற ஷட்டரோடு இருந்தாக வேண்டும். அவள் பழுது பார்த்த பாத்திரங்களின் அடியிலெல்லாம் அவருடைய குருவியைத்தான் குத்தினாள். வலப்பக்கம், வாசலைப் பார்த்து.

இப்படி இருக்கும்போதுதான் மருந்துக்கடைக்காரர் ஒரு துண்டில் எதையோ சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார்.

நாலு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கும் மனிதர். அக்காவின் தோளுக்குத் தைலமும் மாத்திரையும் அவரிடமிருந்துதான். ஆற்றோரத் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சமையலறைத் தரையில் எங்கிருந்தோ நீர் கசிந்தது. குழாய்க்காரர் கசிவைத் தேடித் தோண்டியபோது கடப்பாரையில் இது தட்டியிருக்கிறது. துண்டைப் பிரித்தார். கருத்து, மண் அப்பி, வயிறு ஒரு பக்கம் உள்வாங்கி, திருகு மூடி போட்ட ஒரு கூஜா. ஒரு இடத்தில் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அங்க மட்டும் என்ன பண்ணீங்க?" என்றாள் அக்கா.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாராம். காயம் பட்டால் முதலில் அதுதானே செய்வோம் என்றார். அக்கா அவர் கையிலிருந்து கூஜாவை மெல்ல வாங்கிக்கொண்டாள். இனிமேல் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் முத்திரை முதலில் போகும் என்று சொல்லி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அதை அமிழ்த்தினாள்.

ஊறுகிற நேரத்தில் மருந்துக்கடைக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். ராஜா காலத்துச் சாமானாக இருக்குமோ என்பது அவருடைய ஆசை. ஆனால் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்தது. குழாய்க்காரர் சொன்னதைப் பார்த்தால் அவ்வளவு ஆழத்தில் இல்லை. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் எல்லோரும் தரையை உயர்த்திப் போட்டார்கள். பழைய சிவப்புத் தரை கீழே அப்படியே இருந்தது. அதற்கு மேலே கொட்டிய மண்ணில்தான், புதுத் தரைக்கு அடியில், கூஜா கிடந்திருக்கிறது. அப்படியென்றால் தரை போட்ட சமயத்தில் யாரோ வைத்ததுதான். வீட்டை விற்ற அம்மா உயிரோடு இருக்கிறார். அவருடையதை எப்படித் தான் வைத்துக்கொள்வது? ராஜாவுடையது என்றால் வைத்துக்கொள்ளலாம், கேட்க யாரும் வரமாட்டார்கள்.

"ராஜா வந்து கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"ரசீது கேப்பேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அக்கா மெல்லிய தூரிகையால் கழுத்தோரம் மண்ணைக் களைந்தாள். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். தராசு. நேராக நிற்கும் முள், இரண்டு தட்டும் சமமாக. அவளுக்கு அது புதிதல்ல. நாலைந்து பாத்திரங்களில் பார்த்திருக்கிறாள். பழைய கடைவீதியில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய பட்டறை அது என்று அவளுடைய அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள், அப்பாவுமே அதைக் கேள்விப்பட்டதுதான். பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்டு பிரிந்த பிறகு, தம்பி தனியாகத் தராசு வெட்டிக்கொண்டான். அவன் தராசில் ஒரு தட்டு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். தனக்குக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று காலத்துக்கும் குத்திக்காட்டினானாம். இது சமமான தராசு. சண்டைக்கு முந்தியது. நூறு வருடம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். ராஜா இல்லை, வசதியான யாரோ தண்ணீர் எடுத்துக்கொண்டு பயணம் போன கூஜா.

மருந்துக்கடைக்காரர் முகத்தில் ராஜா மெல்ல இறங்கிப் போனார். இருந்தாலும் நூறு வருடம் அவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. அடியிலும் ஏதோ இருக்கிறதே என்றார்.

அடி வளையத்துக்குள்ளே ஒட்டின் தடம் இருந்தது. ஒருதடவை அடி கழன்று யாரோ பற்றவைத்திருக்கிறார்கள். சுத்தமான வேலை. பக்கத்தில் சிறியதாய் ஒரு பள்ளம். லென்ஸும் வெளிச்சமும் சேர்ந்து அந்த மூலைக்குள் போகவில்லை. அக்கா ஒரு மெழுகுத்துண்டை விரல்சூட்டில் பிசைந்து உள்ளே வைத்து அழுத்தி, பதமாக எடுத்தாள். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். மூக்கு, வால், இறக்கைக்கு ஒரு கீறல். வலப்பக்கம் பார்த்த குருவி.

"எங்க கடை" என்றாள்.

அவளுக்கே குரல் வேறுமாதிரி கேட்டது. யாரோ தொலைவில் கூப்பிட்டுப் பழைய பெயரைச் சொன்ன மாதிரி. தான் பற்றவைத்தது இல்லை, தன் ஒட்டு இவ்வளவு மெல்லிசாக ஓடாது. அவர் செய்தது. இந்த மேசையில், இந்தக் கல்லின் மேல் ஒருநாள் இருந்திருக்கிறது. மருந்துக்கடைக்காரருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பெற்ற தாய் வீட்டுக்கே பெண்ணைக் கொண்டுவந்து விட்ட மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டு, கூஜாவை அவளிடமே விட்டுவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று ஓடினார்.

மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மேசையில் மெழுகுத் துண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் காலையில் பழுது பார்த்து முத்திரை குத்திய ஒரு கரண்டி. சாப்பிட்டுக்கொண்டே இரண்டையும் பார்த்தாள். கரண்டியில் குருவி வலப்பக்கம் பார்த்தது. மெழுகிலும் குருவி வலப்பக்கம் பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் நன்றாக இல்லை என்று தோன்றியது.

மெழுகில் எடுத்தால் திரும்பித்தானே வரவேண்டும்?

கையைக் கழுவினாள். வேறொரு மெழுகைப் பிசைந்து கரண்டியின் குருவிமேல் அழுத்தி எடுத்தாள். அது இடப்பக்கம் பார்த்தது. அப்படியென்றால், மெழுகில் வலப்பக்கம் பார்க்கும் குருவி, கூஜாவின் அடியில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்து வயதிலிருந்து வேலை பார்த்தவர் செய்த அதே தப்பை, இத்தனை வருடம் அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவளும் செய்திருந்தாள்.

கோணல் குருவி. தூக்கி எறிந்ததாகச் சொன்ன குருவி. இந்தக் கடையில் அது வெள்ளியைத் தொட்டதே இல்லை. கரண்டியோ கிண்ணமோ, இந்த வாசலைத் தாண்டிப் போன ஒன்றிலும் அது இல்லை. அது அவளுக்கு நிச்சயம். அப்படியானால் அவர் அதை எறியவில்லை. போகும்போது எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போன இடத்தில் அதை வைத்து வேலை செய்திருக்கிறார். வெள்ளத்தின்போது மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாடியில் உட்கார்ந்து காகிதக் கப்பல் விட்டாள். அவர் போனதற்கும் அந்த வெள்ளத்துக்கும் நடுவே எப்போதோ, இந்தக் கூஜா அவர் கைக்குப் போயிருக்கிறது.

இழுப்பறையைத் திறந்து சரியான குருவியைப் பார்த்தாள். அது வெறும் இரும்புத்துண்டாகக் கிடந்தது. மீதிச் சாப்பாடு டப்பாவில் ஆறிப்போனது.

மருந்துக்கடைக்காரர் பழைய வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போகிற அன்று, தானும் வருவதாக அக்கா சொன்னாள். தோள் வலிக்குமே என்றார் அவர். தோள் வீட்டில் இருந்தாலும் வலிக்கும் என்றாள்.

பாலத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மாடி. அந்த அம்மா ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கூஜாவைப் பார்த்ததும் கண் இடுங்கியது.

"கெடைச்சுடுச்சா? நான் செத்தப்புறம் கெடைக்கும்னுல்ல நெனச்சேன்."

புதைத்தது அவர்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் கூஜாமேல் கண். பெரியவன் தொட்டால் சின்னவன் முறைப்பான். வெள்ளம் வடிந்து, தரை போடக் கொத்தனார் மண் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் மண்ணுக்குள் அமுக்கிவிட்டார். பிறகு காணோம் காணோம் என்று அவரே வீடு முழுக்கத் தேடி, கொஞ்சம் அழவும் செய்தாராம். இரண்டு பேரும் வெள்ளத்தைத் திட்டிவிட்டு ஒற்றுமையாகிவிட்டார்கள். வீட்டை விற்கும்போது சொல்ல வாயெடுத்தார், இரண்டு பேருமே பக்கத்தில் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டார். இப்போது பெரியவன் கடல் தாண்டிப் போய்விட்டான், சின்னவனுக்கு இனிக் கூஜா தேவையில்லை, டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டதால் தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கிறான். மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கூஜாவைக் கட்டில்மேல் வைத்தார். இது உங்களுடையது என்றார். அந்த அம்மா உபசாரத்துக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்கா அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். "இதோட அடி ஒருதடவை கழண்டிருக்குமே. யார்ம்மா பத்தவச்சது?" என்றாள்.

"அதையெல்லாம் கண்டுபிடிச்சுடுவியா நீ?" அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். ஞாபகம் வந்ததும் சிரித்தார். பாலத்தின் இந்தப் பக்கத்துப் படிக்கட்டுக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு தகரப் பெட்டி, ஒரு சின்ன அடுப்பு, வேறொன்றும் இல்லை. கையோடு வேலையை முடித்துக் கொடுப்பார்.

"பாத்திரத்தை வாங்கின உடனே ஒரு தட்டு தட்டிக் காதுல வச்சுக் கேப்பாரு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு. காது கேக்கறதுக்குக் கண்ணை எதுக்குங்க மூடறீங்கன்னு கேட்டேன். பதிலே இல்ல. வாய்ல முத்து வச்சிருக்கற மாதிரி."

அக்கா கட்டிலருகே வந்தாள். "ரொம்ப நாள் இருந்தாரா?"

"வருஷக்கணக்கா இருந்தாரு. வெள்ளத்துக்கு அப்புறம் காணோம். போயிட்டாரோ, ஆறே கொண்டுபோச்சோ, யாருக்குத் தெரியும். ஒருநாள் நான் கேட்டேன். இவ்வளவு சுத்தமா வேலை செய்யறீங்களே, ஒரு கடை போட்டு உக்காரக்கூடாதான்னு. கடை இருக்கும்மா, அந்தப் பக்கத்துல, அவ பாத்துக்கறா, நல்லாவே பாத்துக்கறான்னாரு. அந்த ஒரு நாள்தான் அவரு அவ்வளவு பேசினது."

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். தரையில் பார்க்க ஒன்றுமில்லை. கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வரும்போது அடிக்கிற மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நீ யாருன்னு சொல்லவே இல்லையே" என்றார் அந்த அம்மா.

"நான்தாம்மா அந்தக் கடை."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அக்கா உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, திருகவில்லை, வயிற்று ஒடுக்கை எடுத்து மூடி போடுகிற மாதிரி செய்து தந்தால் ராத்திரி தலைமாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்வேன் என்றார். அக்கா சரி என்றாள்.

வெளியே வந்ததும் மருந்துக்கடைக்காரர் கூஜாவைத் திரும்பவும் துண்டில் சுற்றினார். ஏதாவது பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"கடைசில பாத்தீங்களா. கூஜா தூக்கினதுதான் எனக்கு மிச்சம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது.

பாலத்துப் படிக்கட்டில் இறங்கிப் பார்த்தாள். கீழே இப்போது செல்போன் உறை விற்கிற ஒருவர் குடை விரித்து உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்து படிகளின் நிழல் அவர்மேல் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. அங்கிருந்து ஆற்றைத் தாண்டி அவளுடைய தெருவின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. எத்தனை ஊர், எத்தனை பஸ், எத்தனை பெஞ்சு. இந்தப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் ஆற்றைத்தான் பார்த்திருக்கிறாள், படிக்கட்டைப் பார்த்ததில்லை. தேடுகிறவர்கள் தூரத்தில்தான் தேடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் வரும் என்று எதிர்பார்த்து அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்தாள். கோபத்துக்கும் ஓர் உடம்பு வேண்டியிருக்கிறது. கால் மட்டும்தான் வலித்தது. அவர் வழி தெரியாமல் நிற்கவில்லை. வாசல் அவருக்குத் தெரிந்தே இருந்தது. வாசல் தெரிந்த ஒருவருக்காக அதை இத்தனை காலம் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தோள் வலிக்காமல் என்ன செய்யும்.

"ஆட்டோ பிடிக்கட்டுமாக்கா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பிடிங்க" என்றாள்.

கூஜாவின் வயிற்றை நிமிர்த்த அவளுக்குச் சில நாட்கள் பிடித்தன. பழைய வெள்ளி, அவசரப்பட்டால் கிழியும். உள்ளே மரக்கட்டையைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக, சுத்தியலின் சத்தம் தனக்கே கேட்காத அளவுக்குத் தட்டினாள். தட்டித் தட்டி நிறுத்தும்போதெல்லாம் அவளை அறியாமல் காதருகே கொண்டுபோனாள். ஒருதடவை தானும் ஒரு கண்ணை மூடியிருப்பது தெரிந்து, வேண்டுமென்றே திறந்து வைத்துக்கொண்டாள். மூடி திருகியது. மருந்துக்கடைக்காரர் வாங்க வந்தபோது அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க குருவியைக் குத்தலையா?"

"வேண்டாம். மேல ஒருத்தர், கீழ ஒருத்தர் குத்தியாச்சு. எனக்கு இடமில்ல."

அன்று மாலை மகள் போன் செய்தபோது, அவள் கேட்பதற்கு முன்பே அக்கா சொன்னாள். ஒரு வண்டி ஏற்பாடு செய்து அனுப்பு. சாமான் அதிகமில்லை. மகள், என்னம்மா ஆச்சு என்றாள். அசதியாக இருக்கிறது என்றாள் அக்கா. நேரில் சொல்கிறேன் என்றாள். நேரில் சொல்லவும் செய்தாள், ஆனால் அது பிற்பாடு.

வண்டி வந்த காலையில் பட்டடைக் கல், ஊதுகுழல், அரம் சொருகிய டப்பா, எல்லாவற்றையும் கட்டிடக்காரரிடம் சொல்லி அங்கேயே விட்டாள். உடுப்புப் பையும் மருந்துப் பையும்தான் கையில். இழுப்பறையைத் திறந்தாள். சரியான குருவி கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். ஷட்டரை இறக்கினாள். வழக்கம்போலப் பாதியில் மாட்டிக்கொண்டது. டீக்கடைக்காரர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஓர் உதை விட்டார். இறங்கியது.

பையையும் வண்டியையும் அப்போதுதான் அவர் கவனித்தார்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க, காலைலயே?"

அக்கா வண்டியின் கதவைப் பிடித்து, தோளைச் சமாளித்து, மெல்ல ஏறி உட்கார்ந்தாள்.

"வெங்காரம் வாங்க" என்றாள்.

டீக்கடைக்காரருக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. கையைத் தூக்கினார், அதை அசைக்க மறந்து நின்றார். வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்புவதற்கு முன்பே அக்கா ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.